நோச்செபுவேனாவுக்கு வெளியே

டிசம்பர் 24ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு ஸ்பெயின் தெருவில் சாப்பாட்டுக் கடை தேடுகிறவன் வெளியூர்க்காரன் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்ற நாட்களில் இரவு பத்து மணிக்குத்தான் சாப்பிடவே கிளம்பும் மக்கள், அன்று மட்டும் ஒன்பதுக்குள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கடைகளின் இரும்பு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கும். பேருந்துகள் வழக்கத்துக்கு முன்பே நின்றுவிடும். பார்சிலோனா மெட்ரோகூட அன்று பதினொரு மணியோடு சரி. ஒன்பது மணிக்கு மன்னர் தொலைக்காட்சியில் பேசுவார். 1975இல் சர்வாதிகாரி பிராங்கோ இறந்த அடுத்த மாதம் ஹுவான் கார்லோஸ் தொடங்கிய வழக்கம் அது. இப்போது அவருடைய மகன் ஆறாம் பெலிப்பே பேசுகிறார். உரையைக் கேட்கிறார்களோ இல்லையோ, அது முடிவதற்குள் இறால் தட்டு மேசைக்கு வந்துவிடும். நோச்செபுவேனா என்று பெயர் கொண்ட அந்த இரவு முழுக்க முழுக்கக் குடும்பத்துக்குச் சொந்தம். அப்பா, அம்மா, பாட்டி, கட்டிக்கொடுத்த மகள், அவள் கணவன், பிள்ளைகள். எவ்வளவு நெருங்கிய நண்பனானாலும் அவன் அவனுடைய வீட்டில்.

ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளையும் சூடான ஒயினையும் மனத்தில் வைத்துக்கொண்டு முதுகுப்பையோடு தெற்கே வருகிறவர்களுக்கு இது எப்போதுமே அதிர்ச்சிதான். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். அந்த இரவில் வீட்டுக்கு வெளியே நிற்பவர்கள்தான் முழுதாக மாறிவிட்டார்கள்.

1990 டிசம்பரில் வெளியே நின்றவர்களில் நாங்களும் இருந்தோம். நான் அப்போது பாரிஸில் மாணவன். கூட வந்தவர்களில் ஒருவன் புதுச்சேரி நண்பன். தாத்தா காலத்திலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். ஒரு போர்த்துகீசியத் தோழி, ஓர் ஐரிஷ்காரன். எல்லாருடைய கையிலும் இன்டர்ரயில் சீட்டு. 1972இல் தொடங்கிய திட்டம். இருபத்தாறு வயதுக்குக் கீழே இருந்தால் ஒரே சீட்டில் ஐரோப்பாவைச் சுற்றலாம், குடியிருக்கும் நாட்டுக்குள் மட்டும் பாதிக் கட்டணம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆஸ்டர்லிட்ஸ் நிலையத்தில் இரவு ரயில் ஏறினால் விடியும் நேரத்தில் எல்லை. அங்கே மூட்டையோடு இறங்கி வேறு ரயில் மாற வேண்டும். ஸ்பெயினின் தண்டவாள அகலம் 1668 மில்லிமீட்டர், பிரான்ஸில் 1435. அந்தப் பெட்டி இங்கே ஓடாது. ஷெங்கன் ஒப்பந்தம் ஸ்பெயினில் நடைமுறைக்கு வந்தது 1995 மார்ச்சில்தான் என்பதால், அப்போது எல்லையில் எல்லாரையும் நிறுத்துவார்கள். மற்ற மூன்று பேரும் அட்டையையோ பாஸ்போர்ட்டையோ காட்டிவிட்டுப் போய்க் காபி குடிக்கத் தொடங்கிவிடுவார்கள். அசோகச் சின்னம் போட்ட என் பாஸ்போர்ட்டை மட்டும் ஒரு காவலர் உள்ளே எடுத்துக்கொண்டு போய், ஸ்பெயின் விசாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். போர்த்துகல் போக வேண்டுமானால் அதற்குத் தனி விசா. தோழியின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தும் நாங்கள் கிரனாடாவுக்குத் திரும்பியதற்கு அதுதான் காரணம். வெயில் இருக்கும் என்ற நம்பிக்கை இரண்டாவது காரணம்.

வெயில் இருந்தது. பகலில் மட்டும். சியேரா நெவாடா மலை பனி போர்த்தி நிற்கும் ஊர் கிரனாடா. டிசம்பர் இரவில் குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். கோடைக்காகக் கட்டிய வீடுகள் அவை: தடித்த சுவர், ஓடு பதித்த தரை, சிறிய ஜன்னல். தங்கும் இடம் தேடுவது அப்போது மிக எளிது. வாசலில் நீலத் தகடு தொங்கும், அதில் 'பி' என்ற எழுத்து இருந்தால் பென்சியோன், 'சி ஹெச்' இருந்தால் விருந்தினர் இல்லம். மாடிப்படி ஏறி மணி அடித்தால் மேலங்கி அணிந்த ஒரு பெண்மணி கதவைத் திறந்து நம்மை மேலும் கீழும் பார்த்துவிட்டு விலை சொல்வார். பெரும்பாலும் விதவைகள், பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட வீட்டில் காலியான அறைகளை வாடகைக்கு விட்டவர்கள். அறையில் சமைக்கக் கூடாது, குளிக்கத் தனிக் காசு, இரவு வந்தால் பாஸ்போர்ட்டை அவரிடம் கொடுக்க வேண்டும். போலீசுக்கு அனுப்பும் அட்டையை அவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு கையால் நிரப்புவார்.

நாங்கள் தங்கிய வீட்டில் சூடான இடம் ஒன்றே ஒன்றுதான். நடுக்கூடத்தில் ஒரு வட்ட மேசை. தரைவரை தொங்கும் கனத்த துணி. அதற்கு அடியில் பிராசேரோ எனப்படும் கணப்புச் சட்டி. முன்பு அதில் விறகுக்கரித் தணல் போடுவார்கள், நாங்கள் போனபோது மின்சாரக் கம்பிச் சுருள் வந்துவிட்டது. துணியைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே சித்திரை வெயில், முதுகில் மார்கழி. அண்டலூசியாவின் குளிர்காலம் முழுவதும் இந்த மேசையைச் சுற்றித்தான் நடந்தது: வீட்டுப்பாடம், தையல், சீட்டாட்டம், கல்யாணப் பேச்சு. எங்களுக்கும் மாலை நேரங்களில் அங்கே இடம் கிடைத்தது. 24ஆம் தேதி மட்டும் இல்லை. அன்று அந்த அம்மாவின் மகன் குடும்பத்தோடு பார்சிலோனாவிலிருந்து வருகிறான். 1950களிலும் 60களிலும் அண்டலூசியாவிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் கத்தலோனியாவின் ஆலைகளுக்கும் ஜெர்மனி, சுவிட்சர்லாந்து தொழிற்சாலைகளுக்கும் போனார்கள். ஸ்பெயினில் கிறிஸ்துமஸ் என்பது அவர்கள் திரும்பி வருவது. கதவைச் சாத்திக்கொள்வதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஓராண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த ஓர் இரவுதான் கையிருப்பு.

ஒன்பது மணிக்கு அந்த அம்மா எங்கள் அறைக் கதவைத் தட்டி, பன்றிக் கொழுப்பும் மாவும் சர்க்கரையும் சேர்த்துச் செய்த மன்தெகாதோ உருண்டைகளை ஒரு தட்டிலும், சோம்பு மணக்கும் அனீஸ் மதுவைச் சிறு கோப்பைகளிலும் வைத்துவிட்டுப் போனார். மற்றபடி எங்கள் விருந்து கட்டிலின் மேல் விரித்த செய்தித்தாளில்: ரொட்டி, மான்செகோ பாலாடைக்கட்டி, ஆலிவ் காய், தகரடப்பா மத்தி மீன், அட்டைப் பெட்டியில் வரும் மலிவு ஒயின். ஐரிஷ்காரன் பாடினான். கூடத்தில் அவர்களும் பாடினார்கள். நடுவில் ஒரு சுவர். எனக்கு அந்த இரவு குறையாகத் தோன்றியதே இல்லை. ஆனால் அது அந்த ஊரின் கிறிஸ்துமஸ் அல்ல, அந்த ஊரில் நடந்த எங்கள் கிறிஸ்துமஸ். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போனபோதுதான் ஊரைப் பார்த்தோம். திரும்பும் வழியில் இன்னொரு வியப்பு. ஒரு மணிக்கு மேல் இளைஞர்கள் தலைசீவி, கோட்டு மாட்டி, தெருவுக்கு வர ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து விடுதலை கிடைத்த முகம். நண்பர்களைப் பார்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் அந்தப் பின்னிரவுதான்.

குடும்ப மேசைக்கு வெளியே நிற்பவனை ஸ்பெயின் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஒரு திரைப்படம் இருக்கிறது. லூயிஸ் கார்சியா பெர்லாங்கா 1961இல் எடுத்த 'பிளாசிதோ'. ஒரு சிற்றூரில் வசதியான குடும்பங்கள் நோச்செபுவேனா அன்று ஆளுக்கொரு ஏழையைத் தங்கள் மேசைக்கு அழைத்து உட்காரவைக்கும் இயக்கம் நடத்துகின்றன. அந்த ஊர்வலத்துக்குத் தன் மூன்று சக்கர வண்டியை ஓட்டும் பிளாசிதோவுக்கு, வண்டிக்கான தவணையை அன்றைக்குள் கட்டியாக வேண்டும். அவன் அவசரத்தைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. பெர்லாங்கா முதலில் வைக்க நினைத்த தலைப்பு அந்த இயக்கத்தின் கோஷத்தையே கிண்டல் செய்தது. தணிக்கை அதை அனுமதிக்கவில்லை. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தக் காலத்து ஸ்பெயினில் வெளியாள் மேசைக்கு வர இருந்த வழி தர்மம் ஒன்றுதான் என்பதை அவ்வளவு சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் வேறில்லை.

பிறகு ஸ்பெயின் மாறிய வேகம் தெரிந்ததே. 1978இல் புதிய அரசமைப்பு, 1981இல் விவாகரத்துச் சட்டம், 1986இல் ஐரோப்பியச் சமூகம். பிராங்கோ இறந்த காலத்தில் பத்தில் ஒன்பது பேர் தங்களைக் கத்தோலிக்கர் என்றார்கள். இன்று அப்படிச் சொல்பவர்கள் பாதியைச் சற்றே தாண்டுவார்கள், அவர்களிலும் ஞாயிறு திருப்பலிக்குப் போகிறவர்கள் குறைவு. மதம் தளர்ந்தால் மதத்தின் இரவும் தளர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். நோச்செபுவேனா தளரவில்லை. கோயிலுக்குப் போகாதவன்கூட அன்று அம்மா வீட்டில்தான். இதற்கு நான் காணும் காரணம் பக்தி அல்ல, வாடகை. ஸ்பெயினில் இளைஞர்கள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது முப்பது. நண்பர்களைக் கூப்பிட்டு விருந்து வைக்கத் தனி வீடு இருந்தால்தானே வைக்க முடியும்?

ஆக நண்பர்கள் அந்த இரவை உடைக்கவில்லை. அதற்கு முன்பிருந்த பிற்பகலைப் பிடித்துக்கொண்டார்கள்.

இதற்குத் தார்தெபுவேனா என்று பெயர். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நாடு முழுக்கப் பரவிய வழக்கம். 24ஆம் தேதி நண்பகல் தாண்டியதும் ஊரின் நடுத்தெருக்களில் கூட்டம் சேரத் தொடங்கும். கலைமான் கொம்பு, சிவப்புத் தொப்பி, கையில் பீர் அல்லது வெர்மூத். மதுக்கடைகள் தெருவிலேயே மேசை போட்டு விற்கும், எங்கோ ஒரு டி.ஜே. பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார். பிற்பகலில் குடித்துக் கும்மாளமிடும் பழக்கம் முதலில் அல்பாசெத்தே, முர்சியா, அலிகாந்தே பக்கம் வளர்ந்தது. இரவு முழுக்க விழித்திருக்க உடம்பு இடம் கொடுக்காத நாற்பது வயதுக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று கேலி செய்வார்கள். அது கிறிஸ்துமஸுக்குத் தொற்றியதற்கு வேறு காரணம். மாட்ரிட்டிலும் லண்டனிலும் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே நாளில் சொந்த ஊர் வந்து சேர்கிறார்கள். பள்ளித் தோழர்கள் அத்தனை பேரும் ஒரே ஊரில் இருக்கும் பிற்பகல் ஆண்டில் அது ஒன்றுதான். ஏழு மணிக்கு மேல் ஒவ்வொருவராகக் கழன்று, சூயிங்கம் மென்றபடி அம்மா வீட்டுப் படியேறுவார்கள். பாதிப் பேருக்கு சூப் வரும்போதே கண் சொக்கும். பல வீடுகளில் தாய்மார்களுக்கு இது பெரிய மனத்தாங்கல். நாள் முழுக்க அடுப்படியில் நின்றவர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

முதுகுப்பைக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்பது 1990இல் போனவனுக்குத்தான் தெரியும். அன்று ஊர்க்காரர்களும் நாங்களும் ஒரே இடத்தில் சிரித்துக்கொண்டு நின்ற நேரமே கிடையாது. இன்று அந்தப் பிற்பகலில் தெருவில் நிற்கும் எவரையும் யாரும் எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பதில்லை. கையில் ஒரு கோப்பையைத் திணித்துவிடுகிறார்கள்.

சலமாங்கா மாணவர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள். அவர்கள் புத்தாண்டையே நகர்த்திவிட்டார்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பினால் டிசம்பர் 31 வீட்டுக்குப் போய்விடும் என்பதால், டிசம்பர் நடுவிலேயே பிளாசா மயோர் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கில் கூடி, நள்ளிரவு மணியின் ஒவ்வோர் அடிக்கும் ஒன்றாக வழக்கமாகத் தின்னும் பன்னிரண்டு திராட்சைக்குப் பதிலாக மென்மிட்டாய் பன்னிரண்டைத் தின்று வகுப்புத் தோழர்களோடு புத்தாண்டு கொண்டாடுகிறார்கள். 1990களின் இறுதியில் தொடங்கியது. இன்று வேறு ஊர்களிலிருந்து அதற்கென்றே பேருந்து பிடித்து வருகிறார்கள்.

அண்மையில் ஒரு கிறிஸ்துமஸுக்கு மீண்டும் போனேன். அண்ணன் மகள் பார்சிலோனாவில் முதுகலை படிக்கிறாள். ஒரே ஷெங்கன் விசாவில் லிஸ்பன் வரை போய்வந்துவிட்டாள், எந்த எல்லையிலும் யாரும் அவளை நிறுத்தவில்லை. கொலம்பியா, இத்தாலி, மொராக்கோ நாட்டுப் பெண்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறாள். கூடத்து மூலையில் ஒரு மரக்கட்டை, முன்னால் இரண்டு கால், வரைந்த முகம், சிவப்புத் தொப்பி, மேலே போர்வை. கத்தலோனியக் குழந்தைகள் டிசம்பர் 8 முதல் தினமும் இந்தத் தியோவுக்குத் 'தீனி' வைப்பார்கள். கிறிஸ்துமஸ் வந்ததும் பாட்டுப் பாடிக்கொண்டே கம்பால் அடிப்பார்கள். போர்வைக்குக் கீழே அது பரிசுகளைக் கழித்து வைக்கும். ஆம், கழித்துத்தான். குடிலுக்குள்ளும் ஓர் ஓரமாக வெளிக்குப் போக உட்கார்ந்திருக்கும் ககனேர் பொம்மையை வைக்கிற மக்கள் அவர்கள். அந்தக் கட்டையைப் பேராலயத்துக்கு எதிரே 1786 முதல் நடந்துவரும் சாந்தா யூசியா சந்தையில் வாங்கினாளாம்.

"சித்தப்பா, நீங்க போனப்ப இந்த ராத்திரியில தனியாவா இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"தனியா இல்லம்மா, நாலு பேர் இருந்தோம். ஊருக்குத்தான் நாங்க தேவைப்படல."

அந்த நோச்செபுவேனா இரவு ஒன்பதரைக்கு வெங்காயம் தீர்ந்துபோனது. 1990இல் அதோடு சமையலை மூடியிருப்போம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ரவால் பகுதிக்குள் நுழைந்தாள். பாகிஸ்தான், வங்கதேசக் குடும்பங்களின் மளிகைக் கடைகள் வரிசையாக விளக்கெரிய நின்றன, முடிதிருத்தகத்தில்கூட ஆள். 1998இல் ஸ்பெயினில் பதிவான வெளிநாட்டவர் சுமார் 6.4 லட்சம், பத்தே ஆண்டுகளில் அது 52 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு வேகமாகக் குடியேற்றம் நடந்த நாடுகள் ஐரோப்பாவில் குறைவு. எக்வடோர், ருமேனியா, மொராக்கோ, கொலம்பியா என்று வந்தவர்களில் சிலருக்கு நோச்செபுவேனா உண்டு, சிலருக்கு இல்லை. ஆனால் அன்றிரவு போக ஒரு பாட்டி வீடு மட்டும் இந்த ஊரில் இல்லை. அவர்கள் வீட்டுக்கு வெளியே ஓர் ஊரைக் கட்டிக்கொண்டார்கள். நண்பர்களோடு கொண்டாடுவது அந்த ஊரில் மாற்று ஏற்பாடு அல்ல, அதுதான் கிறிஸ்துமஸ். மைதாமாவு எம்பனாதா, உருளைக்கிழங்கு ஆம்லெட், நம் வீட்டுக் கோழிக் குழம்பு மூன்றும் ஒரே மேசையில் இருந்தன. சைக்கிளில் உணவு கொண்டுபோகும் பையன்களின் மஞ்சள் பைகள் மட்டும் பதினொரு மணிவரை தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. இந்தப் புதிய ஊருக்கும் வெளியே நிற்பவர்கள் அவர்கள்தான் போலிருக்கிறது.

கிரனாடாவுக்கும் போனேன். அல்ஹம்ப்ராவுக்கு முன்பு காலையில் மலையேறிப் போய்ச் சாளரத்தில் சீட்டு வாங்கினோம். இன்று பெயர், பாஸ்போர்ட் எண், நாஸ்ரிய அரண்மனைக்குள் நுழைய வேண்டிய மணி நிமிடம் எல்லாம் சீட்டிலேயே அச்சாகி வருகிறது. டிசம்பர் 25 அன்று இன்றும் மூடல். ஒரு பீர் வாங்கினால் ஒரு சிறுதட்டு உணவு இலவசமாகத் தரும் பழக்கம் மாறவில்லை. கையில் காசில்லாத பயணிகளை அந்த ஊர் இன்னும் அப்படித்தான் காப்பாற்றுகிறது. 2011இல் புகைத்தடை வந்த பிறகு கடைக்குள் எதிரில் இருப்பவர் முகம் தெரிகிறது.

நாங்கள் தங்கிய தெருவில் நீலத் தகடுகள் குறைந்துவிட்டன. வாசலில் எண் பூட்டுப் போட்ட சாவிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்குகின்றன. அந்த அம்மாவின் மாடி இன்று சுற்றுலாக் குடியிருப்பு. கணப்புச் சட்டி மேசை இருந்த இடத்தில் சாய்வு நாற்காலியும் குளிர்சூட்டு எந்திரமும் இருக்கக் கூடும். பாஸ்போர்ட் விவரம் கேட்பது மட்டும் போகவில்லை. 2024 டிசம்பர் 2 முதல் விருந்தினர் பற்றி முன்பைவிட அதிகத் தகவலைக் காவல்துறைக்கு இணையவழி அனுப்ப வேண்டும் என்று சட்டம். மூக்குக் கண்ணாடியோடு அட்டை நிரப்பிய கை போய்விட்டது, அட்டை நீண்டுவிட்டது.

முதுகுப்பைக்காரர்களின் இன்றைய விடுதிகள் நன்றாகவே இருக்கின்றன. கட்டிலுக்குத் திரை, தனி விளக்கு, பெரிய சமையலறை. ஒரு வாரம் முன்பே கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்லி அறிவிப்பு வருகிறது. கட்டணம் உண்டு, சங்ரியா உண்டு, பரிசுக் குலுக்கல் உண்டு. தகரடப்பா மத்தியோடு ஒப்பிட்டு நான் இதைக் குறை சொல்லப்போவதில்லை. தனியாக வரும் பெண்ணுக்கு அந்த இரவில் பாதுகாப்பும் சூடான சோறும் கிடைப்பது பெரிய விஷயம். அங்கே என் வயதுக்காரனுக்கு உறுத்துவது ஒன்றுதான்: விடுதியே ஏற்பாடு செய்துவிடுவதால், யாரும் யாரிடமும் ரொட்டிக் கத்தி கடன் கேட்க வேண்டியதில்லை.

மாறிய இன்னொன்று, வரவேற்பின் சுருதி. 1990இல் குளிர்காலப் பயணி அபூர்வம், அனுதாபம் கிடைத்தது. 2024இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டவர் சுமார் 9.4 கோடி, நாட்டின் மக்கள்தொகையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஜூலையில் பார்சிலோனா ஊர்வலத்தில் சிலர் பயணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கி பீய்ச்சினார்கள். நகரில் உரிமம் பெற்ற 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளையும் 2028 நவம்பருக்குள் ஒழித்துவிடுவதாக மாநகராட்சி அறிவித்திருக்கிறது. முப்பது வயதிலும் அம்மா வீட்டை விட்டு நகர முடியாத இளைஞனுக்கு அந்தச் சாவிப் பெட்டிகள் எப்படித் தெரியும் என்பதை யோசித்தால் கோபம் புரிகிறது. அதே சமயம், கிறிஸ்துமஸைக் காட்டியே ஆள் சேர்க்கும் ஊர்களும் இருக்கின்றன. கலீசியாவின் விகோ நகர மேயர் அபெல் கபயேரோ ஒரு கோடிக்கு மேல் எல்.இ.டி. விளக்குகளை எரியவிட்டு, நியூயார்க்கும் லண்டனும் பொறாமைப்படும் என்று மேடையில் முழங்குகிறார். நவம்பரிலேயே எரிகின்றன. எனக்கு அரை மணி நேரத்தில் கண் வலித்தது.

எந்தக் காலத்திலும் நண்பர்களுக்கென்று இருந்த கிறிஸ்துமஸ் வழக்கம் ஒன்று உண்டு. அது லாட்டரி. டிசம்பர் 22 காலையில் மாட்ரிட்டின் சான் இல்தெபோன்சோ பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடுவார்கள், நாடே கேட்கும். முதல் குலுக்கல் 1812இல் காதிஸ் நகரில், நெப்போலியன் போருக்கு நடுவே. 1984 முதல்தான் பெண் பிள்ளைகளும் பாடுகிறார்கள். பெசெத்தா போய் 2002இல் யூரோ நோட்டு வந்தது. பாட்டின் ராகம் அப்படியே நிற்கிறது. பத்தில் ஒரு பங்குச் சீட்டு 20 யூரோ, முதல் பரிசு விழுந்தால் வரிக்கு முன் 4 லட்சம் யூரோ. ஒரே எண்ணை அலுவலகமே வாங்கும், மதுக்கடை வாடிக்கையாளர் எல்லாரும் வாங்குவார்கள். ஆசையைவிடப் பயம்தான் அதிகம்: எல்லாருக்கும் விழுந்து நமக்கு மட்டும் விழாமல் போனால்? 2011இல் வெஸ்கா மாகாணத்தின் சோதெத்தோ என்ற குக்கிராமத்தில் அப்படியே நடந்தது. மகளிர் சங்கத்தினர் வீடு வீடாகப் போய் விற்ற எண்ணுக்கு முதல் பரிசு விழுந்தது. ஊரே கோடீஸ்வரரானது. விற்கப் போனவர்கள் தட்ட மறந்த கதவு ஒன்றுதான். உள்ளே இருந்தவர் ஒரு கிரேக்கர். வெளியூர்க்காரனாக வாழ்வது என்னவென்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

டிசம்பர் 31இன் பன்னிரண்டு திராட்சை எல்லாருக்கும் தெரிந்த கதை. மாட்ரிட் புவேர்த்தா தெல் சோல் கடிகாரத்தைத் தொலைக்காட்சி 1962 முதல் ஒளிபரப்புகிறது. விதை நீக்கித் தோலுரித்த பன்னிரண்டு பழங்கள் இன்று சிறு டப்பாவில் கிடைக்கின்றன. 31ஆம் தேதி சதுக்கத்துக்குள் போலீஸ் அளவாகத்தான் ஆட்களை விடும். விவரம் தெரிந்தவர்கள் முதல் நாள் இரவு, 30ஆம் தேதி, மணியைச் சோதித்துப் பார்க்கும் ஒத்திகைக்குப் போய்த் திராட்சை தின்றுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பயணிகளில் பெரும்பாலோர் ஜனவரி 2ஆம் தேதி மூட்டை கட்டிவிடுவார்கள். பண்டிகை உச்சிக்கு வருவதே அதற்குப் பிறகுதான். ஜனவரி 5 மாலை மூன்று ராஜாக்கள் ஊர்வலமாக வருவார்கள். ஸ்பானியக் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருபவர்கள் அவர்களே. கிறிஸ்துமஸ் தாத்தா நோயெல் இப்போது பாதி வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டாலும் அவர்கள் பதவி பறிபோகவில்லை. பண்டிகைக் காலத்திலேயே வீட்டுக் கதவு திறந்து எல்லாரும் தெருவுக்கு வரும் மாலை அது ஒன்றே. அங்கே குடும்பம், நண்பன், அயலான் என்ற பாகுபாடு கிடையாது. ராஜாக்களில் பல்தசார் கறுப்பர். மாட்ரிட்டில் நெடுங்காலம் மாநகராட்சி உறுப்பினர் ஒருவர் முகத்தில் மைபூசிக்கொண்டு அந்த வேடம் போட்டார். 2016 முதல் கறுப்பினத்தவரே சிம்மாசனத்தில் வருகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஊர்வலம் நடக்கும் அல்கோய் ஊரில் ஏணி வைத்துப் பால்கனி ஏறிப் பரிசு கொடுக்கும் பணியாட்கள் இன்னும் மை பூசிக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது.

இந்த முறை 5ஆம் தேதி வரை இருந்தேன். பாரிஸிலிருந்து புதுச்சேரி நண்பனும் மாட்ரிட்டுக்கு வந்து சேர்ந்தான், வழுக்கையும் தொந்தியுமாக. பாரிஸ்–மாட்ரிட் படுக்கை வண்டியை 2013இல் நிறுத்திவிட்டார்கள். விமானத்தில் வந்தான். ராஜாக்கள் வீசும் மிட்டாயைப் பிடிக்க ஊர்க்காரர்கள் குடையைத் தலைகீழாக விரித்து வைத்திருப்பார்கள். இவன் எங்கிருந்தோ ஒரு குடை வாங்கி, பிள்ளைகளுக்கு நடுவே முண்டியடித்து நின்று அரைக் குடை நிரப்பிவிட்டான். பக்கத்திலிருந்த பாட்டி தன் பேரனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டார். இவன் தன் பாரிஸ் உச்சரிப்பு ஸ்பானிஷில் வாதாடிப் பார்த்துவிட்டு, கடைசியில் பாதியைக் கொடுத்தான். பாட்டி மீதியையும் கேட்டார்.